பழுது நீக்கும் அறிவு

தமிழ்நாடு அரசு 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர் பலரின் இல்லங்களுக்கு முதன்முதலாகக் கணினி வந்தது. அக்கணினிகள் பலவற்றில் ‘பாஸ் லினக்ஸ்’ என்னும் இயங்குதளம் இடம்பெற்றிருந்தது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இது, 1993 இல் இயன் மர்டாக் தொடங்கிய ‘டெபியன்’ என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது.

விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டையில், தன் அக்காள் பெற்ற அத்தகைய மடிக்கணினியை இன்று பயன்படுத்தும் மாணவி ஒருத்தியைக் கருதுவோம். அதன் மின்கலம் முன்பே செயலிழந்துவிட்டது. மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட, கணினி அணைந்துவிடுகிறது. மீண்டும் இயக்கினால் பழைய மென்பொருள்கள் இயங்குகின்றன. ஆயின், புதியது எதனையும் நிறுவ இயலவில்லை. அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே பலரும் கூறும் வழி. காப்புப்படி எடுக்காமல் அவ்வாறு செய்தால், அவள் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளும் குடும்ப ஒளிப்படங்களும் அழிந்துபோகும்.

பழுதின் காரணம்

டெபியன் வழிவந்த கணினிகளில் மென்பொருள்களை நிறுவுவதும் நீக்குவதும் ‘டிபிகேஜி’ என்னும் மேலாண்மைக் கருவியின் பணி. நூலகர் நூற்பதிவேடு வைத்திருப்பதுபோல, ஒவ்வொரு மென்பொருளின் நிலையையும் அது ஒரு கோப்பில் பதிந்துவைக்கும். முதலில் கோப்புகளை விரித்துவைக்கும். பின்னர் அவற்றை இயங்குவதற்கேற்ப அமைவாக்கம் செய்யும். இவ்விரண்டுக்கும் இடையில் மின்சாரம் நின்றால், பணி அரைகுறையாக நிற்கும். அதனைச் சீர்செய்யும்வரை புதிய பணியைக் கருவி ஏற்க மறுக்கும். இம்மறுப்பு குறையன்று, குழப்பம் மேலும் பெருகாமல் தடுக்கும் பாதுகாப்பே ஆகும்.

நீக்கும் முறை

முதற்கண், தேவையான கோப்புகளை வெளிச்சேமிப்பகம் ஒன்றில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பிழைச்செய்தியை முழுமையாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் தீர்வு அச்செய்தியிலேயே கூறப்பட்டிருக்கும்.

வன்தட்டில் இடம் உள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் முன்பு பதிவிறக்கி எஞ்சியுள்ள நிறுவற்கோப்புகளை நீக்கலாம். பின்னர், நிருவாகி உரிமையுடன் ‘கான்ஃபிகர்’ என்னும் தெரிவைச் சேர்த்து டிபிகேஜி கருவியை இயக்கினால், விடுபட்ட பணிகளை அது தொடர்ந்து முடிக்கும். பதிவேடே சிதைந்திருப்பினும் அஞ்ச வேண்டுவதில்லை. அதன் முந்தைய படி அதே கோப்பகத்திலும், காப்புப்படிகள் வேறொரு கோப்பகத்திலும் இருக்கும்.

மற்றொரு நிரல் நிறுவற்பணியில் ஈடுபட்டிருக்கும்போது, ‘பூட்டப்பட்டுள்ளது’ என்னும் செய்தி தோன்றும். அப்போது பூட்டுக்கோப்பை அழித்தல் பெரும்பிழை. இரு நிரல்கள் ஒரே பதிவேட்டில் எழுத நேர்ந்து, அது சிதையக்கூடும். அந்நிரல் முடியும்வரை காத்திருத்தலே முறை.

பழைய கணினிகளுக்கே உரிய இடர்கள் இரண்டு. தாய்ப்பலகையிலுள்ள நாணயவடிவ மின்கலம் தீர்ந்தால், கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அந்நிலையில், இணையத்திலிருந்து வரும் மென்பொருள் பட்டியலின் சான்று இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கருவி அதனைத் தள்ளிவிடும். நாளைச் சரிசெய்வதே இதற்குத் தீர்வு. ஆதரவு முடிந்த பதிப்புகள் வழக்கமான வழங்கியிலிருந்து அகற்றப்படுதல் மற்றொன்று. டெபியன் அமைப்பு அவற்றைத் தன் ஆவணக்காப்பகத்தில் பாதுகாத்துவருகிறது. கருவியின் அமைப்புக்கோப்பில் அம்முகவரியைக் குறித்தால், தேவையானவற்றைப் பெறலாம். எனினும், அவற்றுக்குப் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. ஆதலின், கணினி தாங்குமாயின் புதிய பதிப்புக்கு மாறுதல் நன்று.

மங்கலம்பேட்டை மாணவியின் கணினிக்கு வேண்டுவன ஒரு கட்டளையும் சிறிது பொறுமையுமே. காரணம் அறியாமல் அழிப்பது எளிது. அழிந்த குறிப்புகளை மீண்டும் எழுதுவது அரிது. பழையது என்பதும் பழுதானது என்பதும் ஒன்றல்ல.