அணி வரிசையாக்கத்தில் மூல இடங்களைப் பேணுதல்: சொல்லடைவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஓர் அணியின் உறுப்புகளை வரிசைப்படுத்தும்போது அவை முதலில் இருந்த இடங்கள் பற்றிய செய்தி அழிந்துவிடுகிறது. உறுப்புகளை விடுத்து அவற்றின் சுட்டெண்களை வரிசைப்படுத்துவதே இதற்குரிய தீர்வு என்பதைச் சொல்லடைவு உருவாக்கத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அணி, வரிசையாக்கம், சுட்டெண், சொல்லடைவு, ஒருங்குறி.

முன்னுரை

ஒரு நூலின் சொற்களை அகரவரிசையில் தந்து, ஒவ்வொரு சொல்லும் பயின்றுவரும் இடத்தைச் சுட்டுவது சொல்லடைவு. இடம் பிழைபட்ட அடைவு ஆய்வாளரைத் தவறான அடிக்கே இட்டுச்செல்லும். கணினியில் சொற்களை நேரடியாக வரிசைப்படுத்தினால் அகரவரிசை கிடைக்கும், இடக்குறிப்புக் கிடைக்காது.

சுட்டெண்களை வரிசைப்படுத்தல்

மலை, கடல், வயல், கடல், அலை என்னும் ஐந்து சொற்கள் ஓர் அணியில் உள்ளன எனக் கொள்ளலாம். அவற்றின் சுட்டெண்கள் முறையே 0, 1, 2, 3, 4. சொற்களை அசைக்காமல், அவற்றை ஒப்பிட்டுச் சுட்டெண்களை மட்டும் வரிசைப்படுத்தினால் 4, 1, 3, 0, 2 என்னும் பட்டியல் கிடைக்கும். இப்பட்டியலின்படி மூல அணியைப் படித்தால் அலை, கடல், கடல், மலை, வயல் என அகரவரிசை அமையும். ஒவ்வொரு சொல்லின் மூல இடமும் உடன் நிற்கும். பைத்தான் மொழியில் சார்ட்டட் செயற்கூறுக்குச் சுட்டெண்களைத் தந்து, ஒப்பீட்டுத் திறவாக அந்தந்த இடத்துச் சொல்லைக் குறித்தால் போதும். நம்பை நூலகத்தின் ஆர்க்சார்ட் செயற்கூறும் இப்பணியையே செய்கிறது.

மூல அணியின் ஒவ்வொரு சொல்லும் அகரவரிசையில் எத்தனையாவது என அறிய, இப்பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும். பட்டியலின் 0ஆம் இடத்தில் 4 இருப்பதால், புதிய பட்டியலின் 4ஆம் இடத்தில் 0 இடப்படும். இவ்வாறே நிரப்பினால் 3, 1, 4, 2, 0 கிடைக்கும். இதற்கு மறுபடியும் வரிசைப்படுத்தத் தேவையில்லை. ஒருமுறை கடந்து சென்றால் போதும்.

ஒத்த சொற்களின் முறை

'கடல்' 1, 3 ஆகிய ஈரிடங்களில் வருகிறது. அடைவில் 1 முன்னும் 3 பின்னும் நிற்றல் வேண்டும். சமமான உறுப்புகளின் மூல முறையைக் காப்பது நிலைத்த வரிசையாக்கம். பைத்தானின் சார்ட்டட் இவ்வுறுதியைத் தருகிறது. ஆர்க்சார்ட்டின் இயல்பான அமைப்பு தருவதில்லை. அங்கு நிலைத்த முறையைத் தெரிந்து குறிக்க வேண்டும். சி மொழியின் கியூசார்ட்டும் இவ்வுறுதியைத் தருவதன்று. அதில் சொற்கள் சமமாகும்போது சுட்டெண்களையும் ஒப்பிடுமாறு எழுதுவது வழி.

தமிழ் அகரவரிசை

ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. எனவே குறியெண்வழி ஒப்பிட்டால் 'பலா'வுக்கு முன் 'பனை' வரும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய்யாதலின் 'பலா'வே முற்படும். ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கு முறைப்படி எண் தந்து, அவ்வெண்களை ஒப்பீட்டுத் திறவாகக் கொண்டால் இது சீராகும். வரிசைப்படுத்தப்படுபவை சுட்டெண்களே ஆதலின், மூலச் சொல் எவ்வித மாற்றமும் அடைவதில்லை.

முடிவுரை

சுட்டெண் வரிசையாக்கம் மூலத்தை மாற்றாமல் புதிய முறையைத் தருகிறது. அதற்கு ஈடாக, உறுப்புக்கு ஒன்றாகச் சுட்டெண்களைச் சேமிக்கும் நினைவகம் மட்டும் கூடுதலாக வேண்டும். ஒப்பீட்டுத் திறவு, நிலைத்த தன்மை ஆகிய இரண்டையும் முன்னரே உறுதிசெய்தால், அடைவின் ஒவ்வோர் எண்ணும் நூலின் உரிய இடத்தையே காட்டும்.