சாம்பிள் திரும்பிப் போவதற்குள்

திருப்பூர்ப் பக்கம் ஒரு டீ-ஷர்ட்டின் நிறத்தை யாரும் சும்மா பார்த்து ஓகே சொல்லிவிட மாட்டார்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணித்துண்டு லைட் பாக்ஸுக்குள் போகும். பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கு, கடை டியூப்லைட்டுக்கு ஈடான டிஎல்84, வீட்டு மஞ்சள் பல்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். முதல் விளக்கில் ஒன்றுபோல் இருந்த இரண்டு துண்டுகள் அடுத்ததில் பிரிந்து நிற்கும். நிறத்தில் இவ்வளவு கறாரான ஊரில், அதே டீ-ஷர்ட்டைப் படம் எடுக்கிறவர் மட்டும் கையில் கிடைத்த லேப்டாப்பில் நிறத்தைத் திருத்தி அனுப்பிவிடுகிறார். மெரூன், பையரின் வலைத்தளத்தில் செங்கல் நிறமாகத் தொங்கும்.

காலையில் பல்லடத்தில் கிளம்பி அவிநாசியில் ஒரு கம்பெனி, பெருமாநல்லூரில் இன்னொன்று, நடுவில் கல்யாண ஆர்டர் என்று பையும் கையுமாக அலைகிற படக்காரருக்கு 13 அல்லது 14 அங்குலத் திரையும் ஒன்றேகால் கிலோ எடையும் வசதி. அந்த அளவில் எதை வாங்குவது? எல்லோரும் ப்ராசஸரைத்தான் முதலில் கேட்கிறார்கள். இன்றைய நடுத்தர ப்ராசஸர் எதுவும் இந்த வேலைக்குப் போதும். விலையைக் குறைக்க நினைக்கும்போது கம்பெனிகள் கைவைப்பது திரையில்.

விவரப் பட்டியலில் ‘45% என்டிஎஸ்சி’ என்று ஒரு வரி இருந்தால் அந்த லேப்டாப்பைக் கீழே வைத்துவிடலாம். இணையத்தில் உலவும் படங்களுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லை பொது. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமானது அது. அதன் வெள்ளைக்கு அளவுகோலும் நம் லைட் பாக்ஸின் அதே டி65தான். எஸ்ஆர்ஜிபி முழுதும் காட்டும் திரை, பழைய கணக்கில் ஏறக்குறைய 72% என்டிஎஸ்சி. 45% திரையோ அந்த எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டும். அதில் சிவப்பு மங்கித் தெரியும், அதைப் பார்த்து நீங்கள் அழுத்தத்தைக் கூட்டுவீர்கள், நல்ல திரையில் பார்க்கிறவருக்குக் கண் கூசும்.

அடுத்து டெல்டா இ. இரண்டு நிறங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைச் சொல்லும் எண் இது. சாய லேபில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதிதல்ல. பிரிட்டனின் சாயக்காரர் சங்கத்தைச் சேர்ந்த நிற அளவைக் குழு 1984-இல் ஜவுளிக்கென்றே தந்த சிஎம்சி சூத்திரத்தில் இது ஒன்றுக்குள் இருந்தால் பெரும்பாலும் லாட் பாஸ். லேப்டாப் விமர்சனங்களிலும் டெல்டா இ வரும், சூத்திரம்தான் வேறு. சராசரி 2-க்குக் கீழே என்றால் தைரியமாக வாங்கலாம். கலரிமீட்டர் என்று திரைமேல் வைத்து அளக்கும் கருவி ஒன்று கிடைக்கிறது. மென்பொருள் திரையில் காட்டும் நிறங்களை அது அளந்து, பிசகைத் திருத்தும் கோப்பை உருவாக்கித் தரும். ஆனால் திரையில் இல்லாத நிறத்தை அதனால் கொண்டுவர முடியாது. பட்டறையில் சிவப்புச் சாயமே இல்லாதபோது மாஸ்டரை நொந்து என்ன பயன்? இன்னொன்றும் சொல்லவேண்டும். பளிச்சென்ற டர்க்காய்ஸ், ஃப்ளோரசென்ட் ஷேடுகள் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே நிற்பவை. எவ்வளவு நல்ல லேப்டாப்பானாலும் அவற்றுக்குத் துணித்துண்டே சாட்சி.

படம் எடுக்கும் இடத்துக்கே கம்ப்யூட்டரைத் தூக்கிப் போவதற்கு வலுவான காரணம் பின்னலாடைதான். பிக்கே, ரிப் துணிகளில் கண்ணிகள் வரிசை வரிசையாக ஓடும். கேமரா சென்சாரிலும் புள்ளிகள் வரிசையாகவே இருக்கின்றன. இரண்டு வரிசைகளின் இடைவெளியும் நெருங்கிவரும்போது துணியில் இல்லாத அலைக்கோடுகளும் வானவில் கறைகளும் படத்தில் முளைக்கும். இதற்கு ம்வாரே என்று பெயர். கேமராவின் சின்னத் திரையில் இது தப்பிவிடும். லேப்டாப்பிலும் படத்தைச் சுருக்கிப் பார்த்தால் திரைப் புள்ளிகளே பொய் அலை காட்டலாம். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 24 மெகாபிக்சல் படத்தை அப்படி விரித்தால் சாதாரண ஃபுல் ஹெச்டி திரையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அடங்கும். அதனால் 2560×1600 போன்ற அடர்த்தியான திரைக்குக் கூடுதல் காசு தகும். கோடு தெரிந்தால் ஓரடி தள்ளி நின்று இன்னொரு படம் எடுத்தாலே பல நேரம் போய்விடும். சாம்பிள் பையரிடம் திரும்பிப் போன பிறகு அந்த ஓரடிக்கு வழியில்லை.

ரேம் 16 ஜிபி. மெல்லிய மாடல்கள் பலவற்றில் அது போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. கார்டு ரீடரையும் அலட்சியம் செய்யவேண்டாம்: 64 ஜிபி மெமரி கார்டு, நொடிக்கு 90 எம்பி வேகத்தில் 12 நிமிடத்தில் காலியாகும்; பழைய யுஎஸ்பி 2.0 ரீடரில் அரை மணி நேரம் இழுக்கும். மண்டப வாசலில் வேன் ஹாரன் அடிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். கார்டை அழிக்கும் முன் ஒரு எஸ்எஸ்டியிலும் பிரதி எடுத்துவிடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை பஞ்சு. தறிக்கூடத்திலும் நிட்டிங் யூனிட்டிலும் மிதக்கும் தூசியை லேப்டாப் விசிறி உள்ளே இழுத்து, வெப்பம் வெளியேறும் துடுப்புகளில் அடைத்துவிடும். சித்திரை வெயிலும் சேர்ந்தால் மிஷின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியே இல்லாத மாடல்களும் உண்டு. 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர் அந்த வகை, எடை 1.29 கிலோ. நீண்ட வேலையில் அவையும் சூடேறிச் சற்று மந்தமாகும் என்றாலும் பஞ்சு புக வழி குறைவு. தறி ஓடும் இடத்தில் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

கடைக்குப் போகும்போது நீங்கள் எடுத்த படங்கள் சிலவற்றைப் பென் டிரைவிலும், படத்தில் உள்ள அதே டீ-ஷர்ட்டைப் பையிலும் கொண்டுபோங்கள். லேப்டாப்பைக் கடைவாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, துணியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையை முன்னும் பின்னும் சாய்த்தும் பாருங்கள். நிறம் மாறினால் அது பஸ் சீட்டில் வேலைக்கு ஆகாது. பென் டிரைவைச் செருகவே விடாத கடைக்காரர் என்றால், திருப்பூரில் கடைகளுக்கா பஞ்சம்?