தொலைக்காட்சியும் புறவொலிபெருக்கியும்

கண்ணுக்குக் காட்சியும் செவிக்கு ஒலியும் ஒருங்கே அளிப்பது தொலைக்காட்சி. இவ்விரண்டனுள் காட்சி நாளுக்கு நாள் மேம்பட்டு வந்துளது. ஒலியோ அதற்கேற்ப மேம்பட்டிலது. இலங்கையில் 1979 ஆம் ஆண்டு தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய காலத்துப் பெட்டிகள் கதோட்டுக் கதிர்க் குழாயைத் தாங்கிப் பருத்திருந்தன. ஒலிபெருக்கி அமைதற்கு அவற்றில் போதிய இடமிருந்தது. இக்காலத் தட்டைத் திரைகளோ சில சதமமீற்றர்த் தடிப்பே உடையன. ஆதலின் அவற்றுட் பலவற்றில் ஒலிபெருக்கிகள் சிறுத்து, நிலத்தையோ சுவரையோ நோக்கி அமைந்துள்ளன. செய்தி கேட்கும் முதியோர், “என்ன சொன்னார்கள்?” என அயலிலிருப்போரை வினவ நேர்வதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

இதன் பௌதிக நியாயம் எளிது. செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரை அதிர்வுகளுடைய ஒலிகளை மனிதச் செவி உணரவல்லது. தாழ்ந்த மீடிறனுடைய ஒலியை எழுப்புதற்கு மிகுதியான வளியை அசைத்தல் வேண்டும். சிறிய கூம்பால் அஃது இயலாது. மேலும், கூம்பின் முன்னெழும் அலையும் பின்னெழும் அலையும் ஒன்றையொன்று அழியாவண்ணம் தடுக்க ஒரு பேழையும் வேண்டும். செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் 1925 இல் இயங்குசுருள் ஒலிபெருக்கியை விளக்கிய நாள்தொட்டு இவ்விதி மாறவில்லை. தவிலின் முழக்கம் மெல்லிய பெட்டியில் வெறுந் தட்டலாய் ஒலிப்பது இதனாலேயே.

உயர்ந்த மீடிறனுடைய ஒலிகளின் குறை வேறு வகையது. அவை நேர்கோட்டிற் செல்லும் இயல்பு மிகுந்தவை. பின்னோக்கி எழுப்பப்படின் கேட்போரை நேரே சாரா. ‘பந்தி’, ‘தந்தி’ என்னும் சொற்களை வேறுபடுத்துவது முதலிலுள்ள மெய்யொலியே. உயிரொலி வலிமையுடையது, வல்லின மெய்யின் வெடிப்போ நொடிப்பொழுதில் மறையும் மெல்லொலி. முதுமையிற் செவி முதற்கண் இழப்பதும் உயர்மீடிறன் ஒலிகளையே. எனவே, ஒலியளவைக் கூட்டினும் ஓசை பெருகுமேயன்றிச் சொல் தெளியாது. ‘சவுண்ட்பார்’ எனப்படும் நீள்வடிவ ஒலிபெருக்கியைத் திரையின் கீழ், கேட்போரை நோக்கி வைப்பதன் பயன் ஈண்டு விளங்கும்.

இனி, இணைக்கும் முறைகளை நோக்குவாம். எம்முறையாயினும் தொலைக்காட்சியின் வெளியீடு ஒலிபெருக்கியின் உள்ளீட்டைச் சேர்தல் வேண்டும் என்பது பொதுவிதி. இணைக்குமுன் இரண்டினதும் மின்னை நிறுத்துதல் நன்று.

முதலாவது, ஒப்புமை முறை. சிவப்புச் செருகி வலப்பக்கத்துக்கும் வெள்ளைச் செருகி இடப்பக்கத்துக்கும் உரியன. பழைய கருவிகளுக்கு இது ஏற்றது. புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் இவ்வெளியீடு இல்லை.

இரண்டாவது, ஒளியிழை முறை. 1983 இல் தொஷிபா நிறுவனம் அறிமுகஞ் செய்த இம்முறையில் ஒலி, செவ்வொளித் துடிப்புகளாக இழையினூடு செல்லும். மின்தொடர்பு இன்மையால் நிலத்தொடுப்பால் எழும் இரைச்சல் இதனுள் நுழையாது. இழையின் நுனியிலுள்ள மூடியை அகற்றுதலும், இழையைக் கூர்மையாக மடியாமையும் கவனிக்கத்தக்கன.

மூன்றாவது, எச்.டி.எம்.ஐ. வடத்தில் ஒலி திரும்பிவரும் முறை. 2009 இல் வெளிவந்த 1.4 ஆம் பதிப்பு இதற்கு வழிசெய்தது. இரு கருவிகளிலும் ‘ஏ.ஆர்.சி.’ எனக் குறிக்கப்பட்ட குதைகளையே தேர்தல் வேண்டும்; பிற குதையிற் செருகின் ஒலி திரும்பாது. பட்டியலில் உரிய கட்டுப்பாட்டையும் இயக்கிவிடின், ஒரே தொலையியக்கியால் ஒலியளவை மாற்றலாம். 2017 இல் வந்த 2.1 ஆம் பதிப்பு இதனை மேலும் விரிவாக்கிற்று.

நான்காவது, வடமில்லாத புளூரூத் முறை. இதில் ஒலியைக் குறிமாற்றி அனுப்பி மீட்டற்குச் சிறிது காலம் செல்லும். ஒலி வளியில் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கில் ஏறத்தாழ 34 மீற்றர் செல்லும். ஆதலின் அவ்வளவு தாமதமும், பேசுவோரை 34 மீற்றருக்கு அப்பால் நின்று காண்பதற்கு ஒப்பாகும். உதடு முந்த, ஒலி பிந்தும். இசை கேட்டற்கு இது தகும். உரையாடலுக்கு வடமே சிறந்தது.

இணைத்தபின்னும் ஒலி எழாதாயின், தொலைக்காட்சியின் பட்டியலில் ஒலி வெளியீடு புறக்கருவிக்கு மாற்றப்பட்டுளதா என நோக்குக. அதன்பின்னும் எழாதாயின், எண்முறை ஒலியமைப்பைப் ‘பி.சி.எம்.’ என மாற்றிப் பார்க்கலாம். விரியலாக்கி உள்ளமையாத ஒலிபெருக்கிகளைத் தொலைக்காட்சியுடன் நேரே இணைத்தல் ஆகாது. இடையே தனி விரியலாக்கி வேண்டும். அவற்றுள் ஒன்றன் கம்பிகள் மாறி இணைக்கப்படின், இரு கூம்புகளும் எதிரெதிரே அசைந்து தாழ்ந்த ஒலிகள் மெலியும்.

ஒலி தெளிவாயவிடத்து அதனைப் பெருக்கவேண்டிய தேவை குறையும். வளர்ந்தோர் 80 தெசிபெல் அளவான ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேற் கேளாதிருத்தல் நன்றென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துளது. அயலாரின் உறக்கமும் மாணவரின் படிப்பும் கெடாமற் காப்பதும் கடமையே. பெருக்கமன்று, தெளிவே ஒலிக்கு அணி. வீட்டு முதியோர் பிறரை வினவாது தாமே செய்தி கேட்டு உணர்வராயின், ஒரு சிறு வடத்தால் விளைந்த பயன் சிறிதன்று.