செல்போனுக்கு எது மேல், எது கீழ்?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ் ஏறி உட்கார்ந்ததும், அந்த ஊர்க்காரரான வயலின் மேதை ஜெயராமனின் தில்லானா ஒன்றை செல்போனில் போட்டுக்கொள்வது என் வழக்கம். போனை நிமிர்த்திப் பிடித்தால் வித்வான் கட்டைவிரல் உயரத்துக்குத்தான் தெரிவார். பக்கவாட்டில் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பித் திரை முழுக்க விரியும். தந்தியில் விரல் வழுக்குகிற அழகெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். இதற்குள் பஸ் காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் வேகம் குறையாமல் வளையும். நிற்பவர்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்வார்கள். திரையில் கச்சேரி அப்படியே நடந்துகொண்டிருக்கும். கை திருப்பியதைக் கண்டுகொள்கிற போன், பஸ் திருப்பியதைக் கண்டுகொள்ளாமல் விடுவது எப்படி?

போனுக்குள் முடுக்கமானி என்றொரு சிப் இருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரம்தான். அதற்குள் சிலிக்கனில் செதுக்கிய நுண்ணிய பாளம் ஒன்று, சிலிக்கனாலேயே ஆன மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. பாளத்தின் ஓரங்களில் வரிசையாகப் பற்கள். எதிரே அசையாத சட்டத்திலும் பற்கள். நடுவே ஓரிரு மைக்ரோமீட்டர் இடைவெளி. பஸ் வளையும்போது கம்பியைப் பிடித்து நிற்பவர் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல, சட்டம் ஒரு பக்கம் தள்ளப்பட்டால் பாளம் பின்தங்கும். இடைவெளி மாறும், அதனால் பற்களுக்கிடையே மின்சாரத்தைத் தேக்கும் திறனும் மாறும். சிப் அதை அளந்து எண்ணாக்குகிறது. போனைச் சும்மா கையில் பிடித்திருக்கும்போது அந்தப் பாளம் நகர்ந்திருக்கும் தூரம் சில பத்து நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை நீள, அகல, ஆழ வாக்கில் மூன்று திசைகளிலும் சிப் ஓயாமல் அளக்கிறது. 1990களில் கார் மோதினால் ஏர்பேகை விரிக்க வந்த தொழில்நுட்பம் இது. 2007இல் வெளியான முதல் ஐபோன் திரையைத் திருப்ப இதைப் பயன்படுத்திய பிறகு எல்லாப் போன்களிலும் பரவிவிட்டது.

எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் ஒன்று உண்டு. இந்தச் சிப் புவியீர்ப்பை உணர்வதே இல்லை. பூமி பாளத்தையும் சட்டத்தையும் ஒரேபோல இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தே விழுமானால் இடைவெளி மாற வழியில்லை. மொட்டை மாடியிலிருந்து நழுவிய போன் விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் அதன் முடுக்கமானி ஏறக்குறைய பூஜ்யத்தைத்தான் காட்டும். நம் கை போனைத் தாங்கும்போதுதான் சட்டம் நிற்கிறது, பாளம் தொய்கிறது. அப்போது வருகிற அளவு விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர், அதுவும் மேல்நோக்கி! போன் அறிவது பூமியின் இழுப்பை அல்ல, தாங்கும் கையின் எதிர்ப்பை. மேலிருந்து விழுபவனுக்குத் தன் எடை தெரியாது என்று 1907இல் ஐன்ஸ்டைனுக்குப் பிடிபட்ட உண்மை இதுவே. பின்னாளில் அவருடைய பொதுச் சார்பியல் கொள்கைக்கு அதுதான் வித்து.

ஆகவே கை தாங்குவதையும் பஸ் தள்ளுவதையும் சிப்பால் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் சேர்ந்த ஒரே விசையாகத்தான் அதற்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால் பக்கவாட்டு முடுக்கம் சுமார் 2.8. போன் செங்குத்தாக இருந்தால் அதன் கணக்கில் ‘மேல்’ என்பது 16 டிகிரி தவறும். பாதகமில்லை. ஆனால் நாம் போனை மடியில் வைத்துச் சாய்த்தல்லவா பார்க்கிறோம்? 60 டிகிரி சாய்த்திருந்தால் 9.8இல் பாதிதான் திரையின் தளத்தில் விழும். பிழை 30 டிகிரியாகிவிடும். 75 டிகிரி சாய்வில் அது 48. நான்கு பக்கங்களுக்கும் நடுக்கோடு 45 டிகிரி என்பதால், அங்கே திரை புரண்டிருக்க வேண்டும்.

புரளாமல் காப்பது மென்பொருள். ஆண்ட்ராய்டின் நிரல் யாரும் படிக்கலாம் என்று திறந்து வைக்கப்பட்டது. அதில் பல ஆண்டுகளாக இருந்துவரும் முறையைப் படித்தால், எழுதியவர்களின் பொறுமைமேல் மரியாதை வருகிறது. நடுக்கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, கிட்டத்தட்ட 67 டிகிரி வரை திரும்பினால்தான் அடுத்த பக்கம் என்று ஒப்புக்கொள்ளும். இல்லாவிட்டால் கை சற்று நடுங்கினாலே காட்சி இங்கும் அங்கும் அலைபாயும். மொத்த விசை 9.8ஐ விட்டு வெகுவாக விலகினால், யாரோ உலுக்குகிறார்கள் என்று அந்த அளவை ஒதுக்கும். சாய்வு 60, 70 டிகிரிக்கு மேல் போனால் எதையும் மாற்றாமல் பழையபடியே விடும். மேசையில் கிடந்த போனை எடுத்தால் அரை நொடி பொறுத்துத்தான் முடிவெடுக்கும். திருப்பலாம் என்று தோன்றிய பிறகும் 40 மில்லிநொடி அதே நிலை நீடிக்கிறதா என்று பார்க்கும். திருப்புவதற்கான விதிகளைவிடத் திருப்பாமல் இருப்பதற்கான விதிகளே அதிகம்.

சுழற்சியை நேரடியாக அளக்கும் கைரோஸ்கோப் பல போன்களில் இருக்கிறது. ஆனால் திரையைத் திருப்ப முடுக்கமானியே போதும்; கைரோஸ்கோப் இல்லாத மலிவு போனிலும் திரை திரும்பத்தான் செய்கிறது.

இவ்வளவும் தோற்கிற இடம் நம் படுக்கை. ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கும்போது போனோடு முகமும் சாய்ந்துவிடுகிறது. முகம் எங்கே என்று சிப்புக்குத் தெரியாது. பூமியை வைத்துத்தான் அது மேல் கீழ் பார்க்கும். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, கூகுளின் பிக்சல் போன்களில் முன்கேமரா வழியாக முகத்தின் சாய்வைப் பார்த்துத் திருப்பத் தொடங்கியது. அதைவிட எளிய வழி 2018இல் ஆண்ட்ராய்டு 9இலேயே வந்துவிட்டது. ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டுப் போனைத் திருப்பினால் திரையின் மூலையில் ஒரு சிறு பட்டன் தோன்றும். தொட்டால் காட்சி திரும்பும். தொடாவிட்டால் சற்று நேரத்தில் பட்டன் தானே மறைந்துவிடும்.