லாரிக்கு ஒரு கவர்னர்

'கவர்னர்' என்றதும் கிண்டி மாளிகையில் வசிக்கும் கனவானை நேயர்கள் நினைத்துக் கொள்ள வேண்டாம். நாம் இங்கே சொல்லப் புகுந்தது வேறொரு கவர்னரைப் பற்றி. இவருக்கு மாளிகை இல்லை, தர்பார் இல்லை, திறப்பு விழாக்களுக்குப் போகும் தொல்லையும் இல்லை. மோட்டார் லாரியின் எஞ்சினோடு ஒட்டிக் கொண்டு, "இதற்கு மேல் வேகம் கூடாது!" என்று ஒரே ஓர் உத்தரவைப் போட்டுக் கொண்டிருப்பதுதான் இவருடைய உத்தியோகம். அந்த உத்தரவின் மேல் அப்பீல் கிடையாது.

இவருடைய வம்சம் பழையது. 1788-ம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம்முடைய நீராவி யந்திரத்துக்குச் சுழலும் இரண்டு குண்டுகளைக் கவர்னராக நியமித்தார். இன்றைய லாரியில் குண்டுகள் இல்லை. எஞ்சினுக்குப் போகும் எண்ணெயை அளந்து விடும் மின்கருவி ஒன்று இருக்கிறது. குறித்த வேகம் வந்ததும் அது எண்ணெயைக் கட்டுப்படுத்தி விடுகிறது. டிரைவர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி அதற்கு மேல் ஓடாது.

வேகத்தைக் கட்டினால் உயிர்கள் தப்பும், எண்ணெயும் மிச்சமாகும் என்பதில் ஆட்சேபம் சொல்வாரில்லை. ஆனால், இந்த நல்ல காரியத்துக்கு ஆகும் செலவு யாருடைய பையிலிருந்து போகிறது? இதை விசாரிப்பதே நமது நோக்கம். இந்தக் கேள்வி மிகத் தெளிவாகக் கண்ணுக்குப் படும் இடம் அமெரிக்கா. ஆகையால் முதலில் அங்கே போய், பிறகு நம் நாமக்கல்லுக்குத் திரும்பி வருவோம்.

அமெரிக்காவில் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர்களில் மிகப் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. மணிக் கூலியும் இல்லை. மைலுக்கு இத்தனை காசு என்பதுதான் கணக்கு. சக்கரம் சுழன்றால் கூலி. நின்றால் கூலியும் நின்றது. அதே சமயத்தில் அந்நாட்டுச் சர்க்கார் அவருடைய நேரத்துக்கும் எல்லை கட்டியிருக்கிறது. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்த பிறகே வேலையைத் தொடங்கலாம். தொடங்கிய நிமிஷத்திலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே வண்டி ஓட்டலாம். எட்டு நாளில் மொத்த வேலை நேரம் 70 மணியைத் தாண்டக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டி மாண்டவர்களையும் மாய்த்தவர்களையும் எண்ணிப் பார்த்தால், இந்த விதி மிகவும் நியாயமானது என்றே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் டிரைவர் தம் கையால் நோட்டுப் புத்தகத்தில் நேரத்தை எழுதி வந்தார். 2017-ம் ஆண்டு டிசம்பர் முதல் மின்கருவியே நேரத்தைக் குறித்து விடுகிறது. பென்சிலுக்கு இருந்த சிறிது தாட்சண்யம் யந்திரத்துக்கு இல்லை.

இனி, நேரமும் கட்டுப்பட்டு, வேகமும் கட்டுப்பட்டு, கூலி மட்டும் தூரத்தைப் பொறுத்திருந்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான், நம் வீட்டுப் பிள்ளைகளே போட்டு விடுவார்கள். 11 மணி நேரத்தில் 8 மணி நேரம் திறந்த சாலையில் உச்ச வேகத்தில் போக முடிகிறது என்று வைத்துக் கொள்வோம். சாலையின் விதி 70 மைல். லாரியின் கவர்னர் 65 மைல். மணிக்கு 5 மைல் வீதம் நாளைக்கு 40 மைல் குறைந்து போகிறது. மைலுக்கு அரை டாலர் கூலியென்றால் நாளைக்கு 20 டாலர் நஷ்டம். வருஷத்தில் 250 நாள் ஓட்டினால் 5,000 டாலர். பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக் கடனுக்கோ வைத்திருந்த பணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கருவியின் வழியாக ஒழுகிப் போய் விடுகிறது.

முதலாளியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் போல் பெருகும். 65 மைலிலிருந்து 75 மைலுக்கு ஏறினால் அந்த எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடி விடும். மோதும் போது உள்ள சக்தியும் அதே விகிதத்தில் கூடும். அங்கே பாரத்தோடு கூடிய லாரியின் எடை வழக்கமாக 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் வரையில் இருக்கலாம். 36 டன் வந்து மோதினால் எதிரே வருகிற சிறு காரில் யார் மிஞ்சுவார்கள்? ஆகவே பல பெரிய கம்பெனிகள் சட்டத்தை எதிர்பாராமல் தாங்களே கவர்னரை மாட்டி விட்டன. 2006-ம் ஆண்டில் அந்நாட்டு லாரிக் கம்பெனிகளின் பெரிய சங்கமே, எல்லாக் கனரக லாரிகளுக்கும் 68 மைல் என்று வரம்பு விதிக்கும்படி சர்க்காருக்கு மனுப் போட்டது. 2016-ல் சர்க்கார் 60, 65, 68 என்று மூன்று வேகங்களைக் குறிப்பிட்டு ஒரு விதியை முன்மொழிந்தது. சொந்த லாரி வைத்து ஓட்டுகிறவர்களின் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. வருஷக் கணக்கில் வாதம் நடந்து, 2025-ல் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆனால் கம்பெனிகள் தாமே மாட்டிய கவர்னர்கள் போய் விடவில்லை.

எதிர்த்தவர்கள் சொன்னதையும் கேட்க வேண்டும். டெக்ஸாஸ் ராஜ்யத்தின் மேற்கே சில சாலைகளில் 80 மைல் வேகம் அனுமதிக்கப்படுகிறது. எல்லோரும் 80-ல் பறக்கும் சாலையில் ஒருவர் மட்டும் 65-ல் போனால், பின்னால் வருகிறவர்கள் அவர் மேல் வந்து விழும் அபாயம் உண்டு. அன்றியும், 65-ல் கட்டுண்ட லாரி, 64-ல் கட்டுண்ட லாரியைத் தாண்டப் புறப்பட்டால் வேடிக்கையைப் பார்க்க வேண்டும். முந்துவதற்கு 300 அடி தேவையென்றால், மூன்றரை நிமிஷம் வரையில் இரண்டும் ஜோடியாகப் போகும். அதற்குள் 3 மைலுக்கு மேல் கடந்து விடும். ஜெர்மானியர் இதற்கு 'யானைப் பந்தயம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின்னால் கார்களில் வருகிறவர்கள் ஹாரனை அலற விடுகிறார்கள். முன்னால் இருக்கும் யானைப் பாகரோ, தமக்குக் கிடைக்கக் கூடிய அந்த ஒரு மைலை விட மனமில்லாமல் தவிக்கிறார்.

இதையெல்லாம் கேட்டு விட்டு, "கவர்னரைக் கழற்றி எறிந்தால் டிரைவரின் குறை தீர்ந்து விடும்" என்று யாராவது முடிவு கட்டினால், அது அவசர முடிவு. டிரைவரின் ஒரு நாள் பொழுதை இன்னும் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும்.

காலையில் லாரி ஒரு கிடங்கின் வாசலுக்குப் போய்ச் சேருகிறது. சரக்கை இறக்க ஆள் இல்லை, இடம் இல்லை, "காத்திரு" என்கிறார்கள். நாலு மணி நேரம் ஆகிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்குக் காத்திருப்புக் கூலி கிடையாது என்பது பல இடங்களில் வழக்கம். அதற்குப் பின் கிடைப்பதும் கம்பெனியின் தயவைப் பொறுத்தது. இதற்கிடையில் சர்க்காரின் 14 மணிக் கடிகாரம் நிற்காமல் ஓடுகிறது. வண்டியைச் சோதிக்கவும் எண்ணெய் போடவும் ஒரு மணி நேரம் போனால், ஓட்டுவதற்கு மிஞ்சுவது 9 மணி. ஆக 2 மணி நேர ஓட்டம், அதாவது 130 மைல், பறி போயிற்று. கவர்னர் ஒரு நாளில் எடுத்துக் கொண்டது 40 மைல். கிடங்கு வாசல் ஒரே காலையில் எடுத்துக் கொண்டது அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல்! கவர்னர் காசைப் பிடுங்குகிறார் என்று நாம் கூச்சல் போடுகிறோம். வாசலில் நின்று கொள்ளை கொடுத்ததை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இது நம் கற்பனைக் கணக்கு மட்டும் அல்ல. அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவின் தணிக்கை அதிகாரி 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், இவ்விதக் காத்திருப்பினால் டிரைவர்களுக்கு வருஷத்தில் 110 கோடியிலிருந்து 130 கோடி டாலர் வரையில் வருமானம் குறைகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார். கிடங்கில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினால், எதிர்பார்க்கும் விபத்து விகிதம் 6.2 சதவிகிதம் கூடுகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. காரணம் ஊகிக்கக் கூடியதே. இழந்த மைலைப் பிடிக்க வேண்டுமல்லவா? நெடுஞ்சாலையில் கவர்னர் தடுப்பார். ஊருக்குள் 35 மைல் தெருவில் 45-ல் போனால் அவர் தடுக்க மாட்டார். சாப்பாட்டைத் தள்ளிப் போட்டாலும் தடுக்க மாட்டார். வேகத்தின் உச்சியைத்தான் அவர் அறிவார். அவசரத்தின் வேரை அறிய மாட்டார்.

அந்த வேர்தான் மைல் கூலி. 1938-ம் ஆண்டில் அமெரிக்கா தொழிலாளருக்குப் பெரிய நீதி ஒன்றைச் செய்தது. குறிப்பிட்ட வார நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரைப் பங்கு கூலி என்று சட்டம் செய்தது. ஆனால் நெடுந்தூர லாரி டிரைவரை அந்தப் பந்தியில் உட்கார வைக்கவில்லை. இன்று வரையில் தேசச் சட்டம் அவருக்கு இலை போடவில்லை. அவருடைய நேரத்துக்கு விலை இல்லாததனால், அதை வீணாக்குகிறவர்களுக்கும் பயம் இல்லை. மைக்கேல் பெல்ஸர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தாமே முன்னாளில் லாரி ஓட்டியவர். டிரைவரின் கூலி உயர்ந்தால் விபத்து குறைகிறது என்று அவர் பல ஆராய்ச்சிகளில் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. அங்கே கனரக லாரிகளின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று சட்டத்தினாலேயே கட்டப்பட்டிருக்கிறது. தினம் ஓட்டும் நேரம் சாதாரணமாக 9 மணி. ஆனால் 2006-ம் ஆண்டு விதியில் இன்னொரு வாசகத்தையும் சேர்த்தார்கள். சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில், ஓடிய தூரத்தையோ ஏற்றிய சரக்கையோ பொறுத்துக் கூலி கொடுக்கலாகாது என்பதே அது. ஐரோப்பிய டிரைவருக்குக் கஷ்டமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வண்டிக்குக் கடிவாளம் போட்டவர்கள், அவசரப்படுத்தும் சாட்டையையும் பிடுங்கி வைக்க வேண்டும் என்று உணர்ந்தார்களே, அதுதான் விசேஷம்.

இனி நம் ஊருக்கு வருவோம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழிலை அறியாத குடும்பம் இருக்காது. 2015-ம் ஆண்டில் நம் மத்திய சர்க்காரும் சரக்கு வாகனங்களுக்கு 80 கிலோமீட்டர் என்று கவர்னரை விதித்தது. அதற்கு வெகு காலம் முன்பே, 1961-ல், மோட்டார்த் தொழிலாளருக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று சுதந்திர பாரதம் சட்டம் செய்ததும் உண்டு. ஏட்டில் இருந்த அந்த எட்டு மணி நேரம், சாலையில் எத்தனை டிரைவர்களுக்குக் கிடைத்தது என்று அவர்களுடைய மனைவி மக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் டிரைவருக்கு மைல் கூலி இல்லாமலிருக்கலாம். ஆனால் பல லாரிகளில் நடைக்கு இவ்வளவு, படி இவ்வளவு என்பதே கணக்கு. நடை சீக்கிரம் முடிந்தால் அடுத்த நடை. தாமதித்தால் கைக் காசு கரையும். நம் சாலைகளின் நெருக்கடியில் 80 கிலோமீட்டரைத் தொடுவதே அபூர்வம். லோடு ஏற்றுமிடத்தில் ஒரு நாள், இறக்குமிடத்தில் ஒரு நாள், பகலில் லாரி நுழையக் கூடாத பட்டணத்தின் எல்லையில் இருட்டும் வரையில் என்று நிற்பதில்தான் அவருடைய ஆயுள் கழிகிறது. கடல் கடந்த நாட்டின் கணக்கும் நம் நாட்டுக் கணக்கும் இங்கே ஒன்றாகி விடுகின்றன.

ஆகையால் நமது கட்சி இதுதான்: கவர்னர் இருக்கட்டும். சாலையில் போகும் குழந்தைகளின் உயிரைக் காட்டிலும் எந்தச் சரக்கும் அவசரம் அல்ல. ஆனால் பொது நன்மைக்காக ஒரு மனிதனின் வேகத்தைக் கட்டுகிற சமூகம், அவன் குடும்பத்தின் வருமானத்தைக் கட்டாமல் பார்த்துக் கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. தூரத்தை அளப்பதை விட்டு நேரத்தை அளக்க வேண்டும். ஓட்டுகிற மணியைப் போலவே காக்கிற மணிக்கும் கூலி உண்டு என்று ஏற்பட்டு விட்டால், கிடங்குக்காரர்கள் தாமாகவே சுறுசுறுப்படைவார்கள், டிரைவரும் நிதானமடைவார்.

நம் வீட்டு அரிசியும் பருப்பும் இரவெல்லாம் யாரோ ஒருவர் கண் விழித்துக் கொண்டு வந்தவை. அடுத்த முறை சாலையில் ஒரு லாரி மெதுவாகப் போய் நம் வழியை மறித்தால், ஹாரனில் கை வைக்குமுன் ஒரு நிமிஷம் யோசிப்போம். அவர் நம் நேரத்தை வீணாக்குகிறார் என்று தோன்றும். அவருடைய நேரத்துக்கு நாம் என்ன விலை கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.