படையணிக் காசு ஏன் நம் பக்கம் வரவில்லை?

சேலம் கோனேரிப்பட்டியில் 1987-இல் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரியைத் தாண்டினால் கரூர். அங்கே அமராவதி ஆற்று மணலிலிருந்தும் ரோமானியக் காசுகள் வந்தவண்ணம் இருந்தன. தென்னிந்தியப் புதையல்களில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலும் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் தலைதான். ரோமானிய உலகம் முழுக்கப் புழங்கிய இன்னொரு வெள்ளிக்காசை மட்டும் இங்கே காண்பது மிக அரிது. அது ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனியின் படையணிக் காசு.

கி.மு. 32–31. கிளியோபாட்ராவோடு சேர்ந்து, பின்னாளில் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியனை எதிர்க்க ஆயத்தமான ஆண்டனி, தன் படைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதற்காகவே அடித்த தினாரியஸ் என்னும் வெள்ளிக்காசு இது. விரல்நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் துடுப்புகள் வரிசையாக நீட்டிய போர்க்கப்பல். மறுபக்கம் இரண்டு படைக்கொடிக் கம்பங்களுக்கு நடுவே சிறகு விரித்த கழுகு. கீழே படையணியின் எண். இரண்டாம் அணி முதல் இருபத்துமூன்றாம் அணி வரை தனித்தனிக் காசு உண்டு. கூலி வாங்கும் சிப்பாய் தன் அணியின் பெயரையே கையில் வாங்கியிருக்கிறான். எத்தனை அழகான யோசனை!

ஆனால் வெள்ளியில் மாற்றுக் குறைவு. ஆண்டனி இரும்பைக் கலந்தான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். கலந்தது உண்மையில் செம்பு. கி.மு. 31 செப்டம்பரில் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி தோற்றான். காசு தோற்கவில்லை. நல்ல வெள்ளியை எல்லோரும் பதுக்கிக்கொள்ள, மட்டமான இதையே கைமாற்றினார்கள். கழுகும் கப்பலும் தேய்ந்து வழவழப்பாகும்வரை இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் புழங்கியது.

இங்கே மிளகுக்கும் நீலப்பச்சைக் கல்லுக்கும் வெள்ளி வாங்கியவர்களுக்குக் காசின் மேல் யார் தலை இருந்தால் என்ன? உள்ளே எவ்வளவு வெள்ளி என்பதே கணக்கு. இன்று சேலம் கொலுசுப் பட்டறையில் ‘எத்தனை டச்?’ என்று கேட்கிறார்களே, அதே கேள்விதான். அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி. அதனால் அவை கடல் தாண்டின. ஆண்டனியின் காசு ஊரிலேயே தங்கியது என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் கி.பி. 64-இல் பேரரசர் நீரோ தினாரியஸின் எடையையும் தரத்தையும் குறைத்த பிறகு அடித்த வெள்ளிக்காசுகளும் இந்தியப் புதையல்களில் அபூர்வம்.

படையைப் போற்றும் ரோமானியக் காசு தெற்கே வந்தது பிற்காலத்தில், செம்பில். பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், கொடிக்கம்பத்தின் இருபுறமும் ஈட்டியோடு இரண்டு வீரர்கள் நிற்க, ‘படையின் புகழ்’ என்ற லத்தீன் வாசகத்தோடு வெளியான சிறு காசுகள் இலங்கையில் கிடைத்திருக்கின்றன.