உங்களுக்குத் தெரியுமா? தூண்டிலும் உப்புத் தண்ணீரும்

நம் ஓயா போய்ச் சேரும் கடல்

ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் பிறந்து, அக்கரப்பத்தனைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து, லிந்துலையைத் தாண்டித் தலவாக்கலைக்கு இறங்குகிறது அக்ரா ஓயா. பிறகு அது கொத்மலை ஓயா, அதன் பிறகு மகாவலி. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. வழியில் அணைகளும் வாய்க்கால்களும் எடுத்தது போக மிச்சம்தான் அங்கே போகும் என்றாலும், போகத்தான் செய்கிறது. அந்தக் குடாவை ஒட்டிய திருகோணமலைக் கடலுக்குத்தான் விலை கூடிய றொட்டும் ரீலுமாக வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள். உள்ளூர்ப் படகோட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். மீனை விற்பதற்கோ குழம்புக்கோ அல்ல, அதோடு மல்லுக்கட்டும் சுகத்துக்காக. பலர் பிடித்ததைக் கடலிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால், 'காசு கொடுத்துப் பிடித்து, சும்மா விடுவானா?' என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

கரைக்குப் பக்கத்திலேயே பாதாளம்

பல நாடுகளில் பெரிய மீனைத் தேடி மணிக்கணக்காகப் படகோட்ட வேண்டும். இலங்கைக்கு அந்தச் சிரமம் குறைவு. தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடல்மேடை சராசரியாக 22 கிலோமீற்றர் அகலம்தான். தெற்கே மிரிஸ்ஸ, தெவுந்தரப் பக்கமும் மேற்கே கற்பிட்டிப் பக்கமும் அது இன்னும் ஒடுங்கிவிடுகிறது. திருகோணமலையிலோ கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. வெளியே போகப் போக அது 3,000 மீற்றருக்கும் மேல் ஆழமாகிவிடும். உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் அதுவும் ஒன்று. நீலத் திமிங்கிலங்கள் கரையிலிருந்து பார்க்கும் தூரத்துக்கு வருவது இந்த ஆழத்தை நம்பித்தான். சூரை, தளப்பத்து, கொப்பரன் (மார்லின்) வகைகளும் அப்படியே.

ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறக்கும்

தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, பெந்தோட்டை, மிரிஸ்ஸப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அந்த மே முதல் செப்டெம்பர் வரைதான் திருகோணமலை, பாசிக்குடாக் கடல் தணிந்து கிடக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இது தலைகீழ். லிந்துலையில் ஜூன் மாதம் முழுக்க மழை ஊற்றினால், கிழக்கில் தூண்டில்காரருக்கு நல்ல காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

துரைமாரின் மீன்

இந்த நாட்டில் பொழுதுபோக்குத் தூண்டில் வேரூன்றியதில் நம் மலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் ஞாபகத்தில் தவித்த வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாருக்குத் தேயிலையும் குளிரும் இருந்தன, டிரவுட் மீன் மட்டும் இல்லை. 1882இல் இங்கிலாந்திலிருந்து பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் நுவரெலியாவுக்கு வந்தன. அந்த மீன் இங்கே சரியாகப் பெருகவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கொண்டுவந்த வானவில் டிரவுட்தான் ஹோர்ட்டன் சமவெளியிலும் சுற்றியுள்ள குளிர்ந்த ஓடைகளிலும் நிலைத்தது. குளிர்நாடுகளில் பழுப்பு டிரவுட் ஆற்றிலிருந்து கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்பும். இங்கே அதற்கு வழியே இல்லை. தண்ணீர் 20 பாகை செல்சியசைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும் என்பதால், கொத்மலைக்குக் கீழே இறங்கினால் அதற்கு முடிவுதான்.

இந்த விளையாட்டுக்கு யார் விலை கொடுத்தார்கள் தெரியுமா? ஹோர்ட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒரு சின்ன நன்னீர் இறால். அழிவின் விளிம்பில் இருக்கும் அந்த உயிரை டிரவுட் ருசித்துத் தின்கிறது. தொலைநாட்டு மீனைக் கொண்டுவந்து விடுவதற்கு முன் இந்த இறாலைப் பற்றி எவரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

109 கிலோமீற்றர் வேகமா?

முதுகில் பாய் விரித்த தளப்பத்து மீன் மணிக்கு 109 அல்லது 110 கிலோமீற்றர் வேகத்தில் பாயும் என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அந்த எண் பிறந்த இடம் ஆய்வுகூடம் அல்ல, ஒரு தூண்டில் முகாம். அமெரிக்காவின் புளோரிடாவில் லோங் கீ என்ற இடத்தில், தூண்டிலில் மாட்டிய ஒரு தளப்பத்து 3 வினாடியில் 91 மீற்றர் கயிற்றை இழுத்துக்கொண்டு போனதாகக் கணக்குப் போட்டார்கள். அந்த முகாமை 1935இல் சூறாவளி அடித்துக்கொண்டு போய்விட்டது. எண் மட்டும் தப்பிப் பிழைத்தது. ரீலிலிருந்து உருவும் கயிற்றின் வேகமும் மீனின் வேகமும் ஒன்றல்ல. அண்மைக் காலத்தில் கருவி வைத்து அளந்தபோது, இரையைத் துரத்தும் தளப்பத்தின் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றரை ஒட்டியே நின்றது. நம் பிள்ளைகளின் வினாடி வினாப் புத்தகங்களில் பழைய எண் இன்னும் சில தலைமுறைக்கு ஓடும் என்று நினைக்கிறேன்.

மீனைப் பிடித்தது யார்?

தூண்டில் விளையாட்டுக்கு உலகளவில் சட்டம் வகுத்து, சாதனைப் பட்டியல் வைத்திருப்பது சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம். 1939இல் நியூயோர்க்கில் தொடங்கியது. எழுத்தாளர் ஹெமிங்வே அதன் துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்தவர். அந்தச் சங்கத்தின் விதிகள் வேடிக்கையானவை. மீன் மாட்டியபின் தூண்டில்காரர் தவிர வேறொருவர் றொட்டையோ ரீலையோ தொட்டால் சாதனை செல்லாது. றொட்டைப் படகின் விளிம்பில் சாய்த்து இளைப்பாறினாலும் செல்லாது. படகிலேயே வைத்து நிறுத்துப் பார்த்த எடையும் செல்லாது, கரைக்கு வந்துதான் தராசில் ஏற்ற வேண்டும். முள்ளுக்கு முன்னால் கட்டிய தடித்த நுனிக்கயிறு கைக்கு எட்டும்போது மட்டும் படகுக்காரர் அதைப் பற்றி இழுக்கலாம்.

ஆக, பட்டியலில் ஏறுவது றொட்டைப் பிடித்தவரின் பெயர். ஆனால் மீன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தது யார்? ஆலாப் பறவைகள் கூட்டமாக இறங்கி எழும் இடத்தைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறவர் படகோட்டிதான். நீரின் நிறம் மாறி இரண்டு நீவாடுகள் (நீரோட்டங்கள்) உரசும் கோட்டை அவர் கண் பிடிக்கும். மிதந்து வரும் ஒரு மரக்கட்டைக்கு அடியில் மீன் ஒதுங்கி நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஓங்கில்கள் (டொல்பின்கள்) துள்ளிப் போனால் கீழே மஞ்சள் துடுப்புச் சூரை இருக்கலாம், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து திரியும் பழக்கமுள்ளவை. கரையில் ஒரு கோபுரத்தையும் ஒரு மலை முகட்டையும் நேராகப் பொருத்தி, வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களைப் பொருத்தி, கடலடிப் பாறை ஒன்று கிடக்கும் இடத்தை மூத்த மீனவர் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகும் கருவி பழுதாகும் நாளில் கைகொடுப்பது இந்தக் கணக்கு. வாடைக் காற்று திரும்பும் நேரம், கச்சான் காற்று ஏறும் நேரம், எந்த மேகத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்ட வேண்டும் என்பதெல்லாம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த படிப்பு. பயணி தருவது ஒரு நாள் கூலி. அந்த விலையில் இந்தப் படிப்பும் சேர்ந்தே போகிறது. எனக்கு விட்டால் சாதனைப் பட்டியலில் படகோட்டிக்கும் ஒரு கட்டம் போடுவேன்.

பறவையை விழுங்கும் பாரை

கடல் தூண்டில்காரர் பலர் தேடி அலைவது பெரும்பாரையை. 80 கிலோ வரை வளரும் முரட்டு மீன். தூண்டிலில் பிடித்த சாதனை எடை 72.8 கிலோ, 2006இல் ஜப்பானின் தொக்காராத் தீவுகளில் பிடித்தது. நீர்ப்பரப்பில் 'டொப் டொப்' என்று சத்தமிட்டு ஓடும் மரத்துண்டுப் பொய் இரையைப் பார்த்தால் போதும், கோபத்தோடு பாய்ந்துவிடும். சீசெல்ஸ் தீவுக்கூட்டத்தில் இந்தப் பாரை நீரிலிருந்து எம்பி, பறந்துகொண்டிருக்கும் கடற்பறவைக் குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு விழுவதை 2017இல் பிபிசியின் 'புளூ பிளானட் 2' படம்பிடித்துக் காட்டியது. அதற்கு முன்பு மீனவர்கள் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அறக்குளாவுக்கு நூல் போதாது

அறக்குளாவின் பல் தங்கூசி நூலை ஒரே கடியில் அறுத்துவிடும். அதனால்தான் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுகிறார்கள்.

சாதனைகளின் சாதனை

1953 ஓகஸ்ட் 4ஆம் திகதி, பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்பிரட் கிளாசெல் என்ற அமெரிக்கர் 707 கிலோ எடையுள்ள கருங்கொப்பரனைத் தூண்டிலில் பிடித்தார். அந்தச் சாதனையை இன்னும் எவரும் முறியடிக்கவில்லை. அந்த மீன் துள்ளும் படக்காட்சிகளைத்தான் ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' கதையை 1958இல் சினிமாவாக்கியபோது ஒட்டிச் சேர்த்தார்கள்.

மாசிச் சம்பலின் பின்னால்

லயத்தில் ரொட்டிக்குச் சம்பல் இடிக்கும்போது அதில் சேரும் மாசியும் தூண்டில் மீன்தான். மாலைதீவு மீனவர்கள் உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் வீசி, தண்ணீரைத் தூவி நீர்ப்பரப்பைக் கலங்கடித்து, வரிப்புலிச் சூரைக் கூட்டத்தை ஏமாற்றி மேலே வரவைப்பார்கள். பிறகு ஒரு கோல், ஒரு கயிறு, ஒரு முள். மீன் நழுவாமல் தடுக்கும் பின்முனை அந்த முள்ளில் இருக்காது. தூக்கிச் சுழற்றினால் மீன் தானாகக் கழன்று படகுக்குள் விழும், அடுத்த நொடி முள் மறுபடி தண்ணீரில். அவித்து, புகை காட்டி, வெயிலில் காயவைத்தால் மாசி தயார். பயணிகளின் றொட்டையும் ரீலையும் விட இந்தக் கோல்தான் எனக்கு உயர்ந்த கலையாகப் படுகிறது.

விட்டால் பிழைக்குமா?

பிடித்து விடுவதெல்லாம் புண்ணியக் கணக்கு ஆகிவிடாது. மீன் நெடுநேரம் போராடினால் உடம்பில் அமிலம் ஏறி, விட்ட பிறகும் செத்துப் போகலாம். மெல்லிய கயிறு போட்டுப் 'பாருங்கள், எவ்வளவு நேரம் இழுத்தேன்' என்று பெருமையடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும் களவா, செம்பல்லி வகைகளுக்குக் காற்றுப் பை வீங்கி வயிறு வாய் வழியே பிதுங்கும். அப்படியே விட்டால் கீழே இறங்க முடியாமல் மிதக்கும், சுறாவுக்குத் தீனியாகும். பாரம் கட்டிய இடுக்கியில் மாட்டி ஆழத்துக்கு இறக்கிவிடுவதே அதற்கு வழி. வட்டமாக வளைந்த முள் மீனின் தொண்டைக்குள் போகாமல் வாய் ஓரத்திலேயே மாட்டும் என்பதால் அக்கறையுள்ள வழிகாட்டிகள் அதைத்தான் கட்டச் சொல்வார்கள். படத்துக்காக மீனை வாலில் தொங்கவிட்டுப் பிடிப்பது கெட்ட பழக்கம், அதன் உள்ளுறுப்பு கிழியும்.

கொக்கல கம்பத்து மீனவர்

தெற்கே கொக்கலப் பக்கம் கடலுக்குள் நட்ட கம்பத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுபவர்களின் படம் அஞ்சலட்டையெல்லாம் ஏறிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் வழக்கம் இது. இன்று அங்கே கம்பத்தில் ஏறுபவர்களில் பலருக்கு வருமானம் மீனில் அல்ல, படமெடுக்க வருபவர் தரும் காசில்.

கச்சாலில் நம் உறவுகள்

வங்காள விரிகுடாவின் மறுகரையில் அந்தமான், பெரும்பாரைத் தூண்டிலுக்குப் பேர்போன கடல். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள். அதற்குத் தெற்கே நிக்கோபாரில் கச்சால் என்று ஒரு தீவு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போன மலையகக் குடும்பங்கள் சிலவற்றை அங்கே ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு வைத்தார்கள். மலையில் கொழுந்து பறித்தவர்கள் நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கச்சாலை மிக மோசமாக அடித்தது. அது பழங்குடியினருக்கான காப்புப் பகுதி என்பதால் அனுமதியில்லாமல் வெளியார் கால் வைக்க முடியாது. தூண்டில்காரரின் படகுகள் அந்தமானோடு நின்றுவிடுகின்றன.

தொடக் கூடாதவை

திருகோணமலைக்குச் சுற்றுலாப் போகிறவர்களுக்கு: நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவு 1963இல் சரணாலயமானது, 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடக் கூடாது, பவளப்பாறையில் ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. கடலாமை, ஓங்கில், திமிங்கிலம் எங்கேயும் தடை. நீண்ட வால் கொண்ட கசையால் சுறாவைப் பிடிக்க 2012 முதல் தடை. திமிங்கிலச் சுறா, வெண்முனைப் பெருங்கடல் சுறா இரண்டுக்கும் 2015 முதல். தெரியாமல் மாட்டினாலும் விட்டுவிட வேண்டும். அமர்த்தும் படகில் லைஃப் ஜக்கட் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள், படகோட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

மீனோடு மலையேறுகிறவர்களுக்கு

கடற்கரையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சூரையோ அறக்குளாவோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுபவர்கள் உண்டு. இவ்வகை மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் உள்ளே ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்து அரிக்கும். மூக்குக்கு நாற்றம் தெரியாமலும் இருக்கலாம். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. நானுஓயாக் குளிரில் மீன் தேறிவிடும் என்று நம்ப வேண்டாம், கெட்டது கீழேயே கெட்டிருக்கும். பிடித்த நேரத்திலிருந்து ஐஸில் இருந்ததா என்று படகுக்காரரிடமே கேட்டு வாங்குங்கள்.